பதினைந்து நிமிட ஸ்கிரீனிங் செயலியை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: நான் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 240 பிள்ளைகள் படிக்கிறார்கள். கற்றலில் பின்தங்கக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இந்த ஆண்டு முடிவு செய்திருக்கிறோம். ஒரு நிறுவனம் கணினிச் செயலி ஒன்றைக் காட்டியது. ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் போதும், 95 சதவீதத் துல்லியம் என்கிறார்கள். நிர்வாகத்துக்குப் பிடித்துவிட்டது. எங்கள் சிறப்பாசிரியரோ, வகுப்பாசிரியர்கள் நிரப்பும் செக்லிஸ்ட் ஒன்றே போதும் என்கிறார். இன்னோர் ஆசிரியை ஓர் ஆங்கிலச் சோதனையைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? ஐந்து வகுப்புக்கும் நடத்த வேண்டுமா? பெயர் வந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். அந்தச் செயலியை இப்போதைக்கு வாங்காதீர்கள். செக்லிஸ்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மொழிபெயர்த்த சோதனையை இப்போதிருக்கும் வடிவத்தில் பயன்படுத்தவே வேண்டாம். முதல் இரண்டு வகுப்புகளில் ஆசிரியரே பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து நடத்தும் சின்னச் சின்னச் சோதனைகள் சிலவற்றில் தொடங்குங்கள். அதில் பின்தங்கியவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கூடுதல் பயிற்சி கொடுத்து, மறுபடி சோதித்துப் பாருங்கள். கருவி, பயிற்சி, மறுசோதனை மூன்றும் சேர்ந்ததுதான் ஸ்கிரீனிங். கருவியை மட்டும் வாங்கினால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு பெயர்ப்பட்டியல்தான்.

"95 சதவீதத் துல்லியம்" என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் நிர்வாகம் மயங்கியது அங்கேதான். உங்கள் 240 பேரில் பத்து சதவீதம் பேருக்கு உண்மையிலேயே வாசிப்பில் சிரமம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 24 பேர். இப்போது நான் ஒரு "கருவி" தருகிறேன். அது எந்தப் பிள்ளையையும் சோதிக்காது, எல்லோருக்கும் "பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடும். 216 பேர் விஷயத்தில் அது சொன்னது சரி. துல்லியம் 90 சதவீதம்! கண்டுபிடித்தது ஒருவரையும் இல்லை. துல்லியம் என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் அதற்குள் எதையும் ஒளித்து வைக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு எண்கள். சிரமம் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேரை இந்தக் கருவி பிடிக்கிறது? சிரமம் இல்லாத பிள்ளைகளில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது? நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்று, இரண்டுமே 95 என்று கொள்வோம். 24 பேரில் 23 பேர் பிடிபடுவார்கள். சிரமம் இல்லாத 216 பேரிலும் சுமார் 11 பேர் தவறாகப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். பட்டியலில் 34 பெயர், அதில் மூன்றில் ஒன்று பிழை. இது நிறுவனத்தின் கணக்குப்படியே. நடப்பில் ஒரு நல்ல கருவிக்கு இரண்டு எண்களும் 80ஐ ஒட்டி இருந்தாலே திருப்திப்படலாம். அப்போது 24 பேரில் 19 பேர் பிடிபடுவார்கள், 5 பேர் தப்பிவிடுவார்கள், சிரமம் இல்லாத 43 பேர் உள்ளே வருவார்கள். பட்டியலில் 62 பெயர், உண்மையானவை மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த ஸ்கிரீனிங்கும் இப்படித்தான். தேடுகிற பிரச்சினை சிலருக்கு மட்டுமே இருக்கும்போது, கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பட்டியலில் தவறான பெயர்கள் வந்தே தீரும். கட்-ஆஃப் மதிப்பெண்ணை ஏற்றி இறக்கி ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், கருவி தீர்மானிக்காது. என் கட்சி இது: முதல் கட்டத்தில் கூடுதலாகப் பிடிப்பதே மேல். தேவையில்லாமல் பட்டியலில் வந்த பிள்ளைக்கு நஷ்டம் சில வாரம் கூடுதலாக வாசித்ததுதான். தப்பிப்போன பிள்ளையை மூன்றாம் வகுப்பு வரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் பெயர் வந்ததும் உங்கள் பள்ளியில் என்ன நடக்கும்? கூடுதல் பயிற்சி என்றால் சரி. தனி வகுப்பு, பெற்றோரை அழைத்துப் பேச்சு, கோப்பில் சிவப்பு மை என்றால், கூடுதலாகப் பிடிக்கும் கருவி அந்த 43 பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யும். மருத்துவத்தில் இந்த விவாதம் பழையது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் ஸ்கிரீனிங்குக்குப் பத்து விதிகள் எழுதினார்கள். கண்டுபிடித்தபின் உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும். எத்தனை பிள்ளைகளுக்கு உங்களால் உதவ முடியும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 62 பேருக்குப் பயிற்சி தர ஆள் இல்லை என்றால் ஐந்து வகுப்பையும் ஒரேயடியாகச் சோதிப்பதில் பொருளில்லை. முதல் இரண்டு வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி எதைச் சோதிப்பது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் கருவிகள் அதிகம் சறுக்குகின்றன.

ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் வரும். பூஜ்யம் வாங்கிய எல்லோருக்கும் சிரமம் என்று சொல்ல முடியுமா? இன்னும் கற்றுத்தரவே இல்லையே. எல்லோரும் தரையில் கிடக்கும் சோதனை யாரையும் பிரித்துக் காட்டாது. அந்த வயதில் பார்க்க வேண்டியது வாசிப்பை அல்ல, வாசிப்புக்கு முன்னால் வருபவற்றை. ஹியூ கேட்ஸ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பில் எடுத்த எந்த அளவுகள் இரண்டாம் வகுப்பு வாசிப்புச் சிரமத்தை முன்கூட்டிச் சொல்கின்றன என்று பார்த்தார்கள். எழுத்துகளை அடையாளம் காண்பது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துணர்வது, படங்களை விரைவாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவது, தாயின் கல்வி ஆகிய ஐந்தும் தேறின. கடைசி ஒன்றைப் பிள்ளையிடம் சோதிக்க முடியாது. மற்ற நான்கையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

விரைவாகப் பெயர் சொல்லும் சோதனையை 1970களில் மார்த்தா டென்க்லாவும் ரீட்டா ருடெலும் உருவாக்கினார்கள். ஐந்து பொருள்கள், மாறி மாறி 50 கட்டங்களில். பிள்ளை இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், நீங்கள் நொடி பார்க்க வேண்டும். எல்லாப் பொருளும் தெரிந்த பிள்ளையே சில சமயம் திணறும். பெயர் தெரியும், வாய்க்கு வரத் தாமதம். அந்தத் தாமதம் பின்னால் வாசிப்பு வேகத்தில் தலைகாட்டுவது உண்டு. சோதனைக்கு முன்னால் ஐந்து பொருளின் பெயரும் பிள்ளைக்குத் தெரியுமா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது வேகத்தை அல்ல, சொல்வளத்தை.

ஒலிகளைப் பிரிப்பதற்கு எழுத்துத் தாளே வேண்டாம், பேச்சே போதும். "மரம், இதில் முதல் எழுத்தை விட்டுவிட்டுச் சொல்" என்றால் "ரம்". இது எளிது, பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். "கல் என்பதில் முதலில் வரும் ஒலியை எடுத்துவிட்டுப் ப் போடு" என்றால் "பல்" வர வேண்டும். இது கடினம், ஒன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் பலருக்கு வராது. சோதனையில் இரண்டு வகையும் இருக்க வேண்டும். எளிதானதிலேயே விழும் பிள்ளைதான் உங்கள் கவனத்துக்குரியவர்.

இரண்டாம் வகுப்பிலிருந்து நிலைமை எளிதாகிவிடுகிறது. ஒரு நிமிட வாய்விட்டு வாசித்தல் போதும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டீனோ கொண்டுவந்த பாடத்திட்டம் சார்ந்த அளவீட்டு முறையிலிருந்து வந்தது இது. டிபெல்ஸ் என்ற ஆங்கில வாசிப்புச் சோதனைத் தொகுப்பு போன்ற கருவிகளும் இதே வழியில் வந்தவைதான். முன்பின் தெரியாத ஒரு பத்தி, ஒரு நிமிடம், பிழையின்றி வாசித்தது எவ்வளவு என்று எண்ணுவது. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். இவ்வளவு சாதாரணமானது வேலை செய்யுமா என்று நிர்வாகம் கேட்கும். செய்யும். ஒரே கடினத்தில் பல பத்திகள் வைத்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடத்தி, பிள்ளை ஏறுகிறதா அங்கேயே நிற்கிறதா என்று பார்க்கலாம். ஒரே ஒரு முறை நடத்தும் செயலியால் இது முடியாது.

இதோடு பத்துப் பன்னிரண்டு பொருளில்லாச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பொனிசு", "தெமுகா", "நொகவை" மாதிரி. பார்த்துப் பழகிய சொற்களை உருவத்தை வைத்தே ஒப்பிக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் வேகம் மட்டும் போதாது. கஃபும் டன்மரும் 1986இல் சொன்ன சூத்திரம் இங்கே உதவும்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டி வருவதல்ல, பெருக்கி வருவது. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் "பட்டம்" என்பதைப் "படம்" என்கிறான், "கொக்கு" வந்தால் கொம்பில் நின்று, க-வுக்குப் போய், காலைப் பார்த்துத் திரும்பி வருகிறான். ஆனால் அதே கதையை நீங்கள் வாசித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்கிறான். இன்னொருத்தி கடகடவென்று வாசித்து முடிக்கிறாள், "கதையில் யார் அழுதார்கள்?" என்றால் விழிக்கிறாள், நீங்கள் வாசித்துக் காட்டினாலும் விழிக்கிறாள். இருவருக்கும் தேவையான பயிற்சி வேறு வேறு. ஒற்றை மதிப்பெண் தரும் கருவி இருவரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும். அதனால் மூன்றாம் வகுப்பிலிருந்து வாசித்தல் ஒன்று, கேட்டுப் புரிதல் ஒன்று என இரண்டும் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கற்றல் சிரமம் என்றாலே வாசிப்பு என்று ஆகிவிட்டது. இரண்டு எண்களில் எது பெரியது, "6, 7, __, 9" இல் விட்டுப்போனது எது, கோட்டில் 0க்கும் 100க்கும் நடுவே 40 எங்கே நிற்கும், ஓர் இலக்கக் கூட்டல் ஒரு நிமிடத்தில் எத்தனை என்று பார்த்தால் முதல் கட்டத்துக்குப் போதும். வாசிப்பில் கெட்டியான பிள்ளை கணக்கில் தடுமாறுவது உண்டு. செயலி அதைப் பார்க்கிறதா என்று கேளுங்கள்.

இனி அந்த மொழிபெயர்த்த சோதனை. அந்த ஆசிரியையின் அக்கறையைப் பாராட்டுங்கள், ஆனால் சோதனையை ஓரமாக வையுங்கள். வாக்கியத்தை மொழிபெயர்க்கலாம், அளவுகோலை மொழிபெயர்க்க முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு எழுத்துச் சோதனைக்கு அங்கே வேலை இல்லை. தமிழில் 247. உயிர்மெய் 216ம் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல என்றாலும், கொம்பும் காலும் எந்த ஒலிக்கு எந்தப் பக்கம் வரும் என்பது கைவர நாளாகும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு மூன்றாம் நான்காம் வகுப்பு வரைக்கும் வளர்ந்துகொண்டே போவதைக் காட்டுகிறது. தமிழும் அதே வகை எழுத்துமுறைதான். ஆகவே தமிழில் எழுத்துச் சோதனையை இரண்டாம் வகுப்போடு நிறுத்தக் கூடாது. அதில் கெ, கே, கை, கொ, கோ வரிசையும், று, னு, ணு போல உகரத்தில் உருவம் மாறுபவையும் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் அ, ஆ, க, ங கேட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறு.

வேகக் கணக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அட்டவணை இருக்கும். "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. அந்த அட்டவணையைத் தமிழுக்கு வைத்தால் நன்றாக வாசிக்கும் பிள்ளையும் பட்டியலில் விழும். சொற்களுக்குப் பதில் சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள், ஒப்பீடு உங்கள் பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கட்டும். இன்னொன்று, "மரத்தில்" என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை "மரத்துல" என்று வாசித்தால் அதைப் பிழையாக எண்ணாதீர்கள். எழுத்தைப் பிடித்துப் பொருளையும் பிடித்துத் தன் பேச்சில் சொல்கிறது, அவ்வளவுதான். ல, ள, ழ உச்சரிப்பும் அப்படியே. வீட்டில் ழகரம் பேசாத பிள்ளைக்கு அது வாசிப்புச் சிரமம் ஆகாது. எதைப் பிழையாக எண்ணுவது, எதை விடுவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சோதிப்பவர்கள் எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கண்டிப்பான ஆசிரியரிடம் போன பிள்ளைகள் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள். தமிழே இரண்டு ஆண்டாகத்தான் காதில் விழுகிறது என்றால் குறைந்த மதிப்பெண்ணுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். படங்களின் பெயரை வீட்டு மொழியில் சொல்ல விடுங்கள், அந்த மொழியில் பேச்சு வயதுக்குத் தக்கபடி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். இரண்டு மொழியிலும் திணறினால்தான் கவலைப்பட வேண்டும்.

கட்-ஆஃப் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உங்கள் மொழிக்கும் வகுப்புக்கும் தரப்படுத்திய கருவி கிடைத்தால் அதன் கட்-ஆஃப். கிடைக்காவிட்டால் வகுப்பில் கீழ்க் கால்வாசிப் பேரை முதல் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. எவ்வளவு நன்றாகக் கற்றுத்தந்த வகுப்பிலும் கீழ்க் கால்வாசி என்று ஒன்று இருக்கும், அதனால் அது குறையைக் காட்டுவதல்ல, அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்வது. மறுபுறம், வகுப்பில் பாதிக்கு மேல் கொம்பும் காலும் தெரியாமல் இருந்தால் பிள்ளைகளைத் தனித்தனியாகத் தேடாதீர்கள். அங்கே சரிசெய்ய வேண்டியது பாடம் நடத்தும் விதம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஈக்ரா என்ற தொடக்கநிலை வாசிப்பு மதிப்பீட்டின் பெயரை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பல நாடுகளில், பல மொழிகளில் நடத்தியிருக்கிறார்கள், தாள்கள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு பகுதியில் பிள்ளைகள் மொத்தமாக எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகச் செய்தது அது. அதன் வடிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க அதை நம்பக் கூடாது.

சிறப்பாசிரியர் சொல்லும் செக்லிஸ்ட் பக்கம் வருவோம். பிள்ளையோடு தினமும் இருப்பவர் கண்ணுக்குப் படுவது எந்தச் சோதனையிலும் படாது. நேற்றுக் கற்ற எழுத்து இன்று மறந்துபோவது, வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வருவது, பேச்சில் புத்திசாலியாக இருந்துவிட்டு எழுதும்போது வேறு ஆளாவது, இதையெல்லாம் ஒரு நிமிட வாசிப்பு சொல்லாது. ஆனாலும் கண்ணுக்கு ஒரு சாய்வு உண்டு. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஷேவிட்ஸ் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள் என்று பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்களே மிக அதிகம். ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் நேரடியாகச் சோதித்தபோது பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வகுப்பைக் கலைக்கும் பிள்ளை கண்ணில் படுகிறது, கடைசி வரிசையில் பேசாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை படுவதில்லை. அதனால் செக்லிஸ்டையும் நேரடிச் சோதனையையும் சேர்த்தே வையுங்கள். இரண்டில் எதில் மாட்டினாலும் பட்டியலில் சேருங்கள். செக்லிஸ்டைச் சோதனைக்கு முன்பே நிரப்பி வாங்கிவிடுங்கள், மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு நிரப்பினால் அது மதிப்பெண்ணின் நகலாகத்தான் இருக்கும்.

சோதனையின் முடிவை ஆசிரியர் மேல் திருப்பமாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒலிப்புச் சோதனை நடக்கிறது, பாதி உண்மைச் சொல், பாதி பொருளில்லாச் சொல். நடத்துவது ஆசிரியர். வரம்பு 32 என்பது முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. முடிவுகளை வரைபடமாகப் போட்டால் 31இல் சிலர், 32இல் திடீரென்று ஒரு கோபுரம். 2014இலிருந்து வரம்பை முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, கையில் இருக்கும் பிள்ளை ஒரு மதிப்பெண்ணில் நின்றால் எந்த ஆசிரியருக்கும் மனம் இளகும். ஆனால் அப்படித் தள்ளிவிட்ட பிள்ளைதான் உங்களுக்கு வேண்டிய பிள்ளை.

செயலியைப் பற்றி இன்னும் கொஞ்சம். கணினிச் சோதனை என்பதாலேயே எனக்கு எதிர்ப்பு இல்லை. கேள்விகளை ஒரே மாதிரி கேட்கும், நொடியைத் துல்லியமாக எடுக்கும். நிறுவனத்திடம் கையேடு கேளுங்கள், விளம்பரத் தாள் அல்ல. எந்த மொழி பேசும், எந்த வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேரிடம் நடத்தித் தரப்படுத்தினார்கள்? 95 என்பது எந்த முழு மதிப்பீட்டோடு ஒப்பிட்டு வந்த எண்? அதே பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்து நடத்தினால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருமா? நம்பகத்தன்மை எண் 0.80க்குக் கீழே இருந்தால் மேலே பேச வேண்டாம். பிள்ளையின் குரலும் மதிப்பெண்ணும் யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள்? நேரடியாகப் பதில் வந்தால் மறுபடி யோசிக்கலாம். "எங்கள் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் வழியனுப்பி வைத்துவிடுங்கள்.

கைரேகையைப் பார்த்து மூளைத்திறன் சொல்கிறோம், நிறக்கண்ணாடி போட்டால் வாசிப்பு வந்துவிடும், பிள்ளையின் கற்றல் பாணியைக் கண்டுபிடிக்கிறோம் என்று வருபவர்களுக்கு வாசலைத் திறக்கவே வேண்டாம். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாற்றி எழுதுவதும் ஆறேழு வயது வரை சாதாரணம், அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது நீடித்த வாசிப்புக் குறைபாடு, என்று யாரும் சொல்லக் கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் இரண்டு வகுப்பில் உங்களிடம் ஏறக்குறைய 96 பேர் இருப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 16 மணி நேரம், நான்கு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு நான்கு மணி நேரம். சத்தமில்லாத ஒரு மூலை வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் நடத்தாதீர்கள், புது இடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் எல்லாம் பட்டியலில் வந்துவிடுவார்கள். மூன்று நான்கு வாரம் போகட்டும். பட்டியல் வந்தவுடன் முதல் வேலையாகக் கண்ணையும் காதையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காதில் நீர் கோத்து விட்டுவிட்டுக் கேட்கும் பிள்ளையும் வாசிப்பில் பின்தங்கத்தான் செய்வார்கள்.

பிறகு மூன்று நான்கு பேராகப் பிரித்து, தினமும் இருபது முப்பது நிமிடம், எதில் தடுமாறினார்களோ அதில் பயிற்சி. ஆறு முதல் எட்டு வாரம் முடிந்ததும் அதே கடினத்தில் வேறு தாள். கணிசமானவர்கள் பட்டியலிலிருந்து வெளியே வந்திருப்பார்கள். உதவி கிடைத்தும் அசையாதவர்களைத்தான் முழு மதிப்பீட்டுக்கு உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். டிஸ்லெக்சியாவா இல்லையா என்று சொல்வது அங்கேதான், உங்கள் பள்ளியில் அல்ல. அதற்காகக் காத்திருக்கும் நாளிலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள், உதவி பெறுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சோதனைக்கு முன்பே எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடிதம் போகட்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பட்டியலில் வந்த பிள்ளையின் அம்மா அப்பாவிடம், "உங்கள் மகள் சொற்களைச் சொல்லித் தருவதை நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளில் மட்டும் தடுமாறுகிறாள். எட்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்க்கப்போகிறோம், அப்புறம் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். குறைபாடு, ஆபத்து, சராசரிக்குக் கீழே என்ற சொற்கள் எதற்கு? "வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் படிக்கக் கஷ்டமாக இருந்ததா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் ஓடக்கூடியது, அந்தப் பதில் பல சமயம் சோதனையை விட அதிகம் சொல்லும். பல அப்பாக்கள் அந்தக் கேள்விக்குத்தான் முதல்முறையாக வாய் திறப்பார்கள்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு இந்த ஆண்டு முழு ஸ்கிரீனிங் வேண்டாம். சிரமம் உள்ள பெரும்பாலோர் அதற்குள் எல்லோர் கண்ணிலும் பட்டிருப்பார்கள், அவர்களுக்குத் தேவை சோதனை அல்ல, உதவி. மூன்றாம் வகுப்பு வரை சமாளித்துவிட்டு, பாடம் நீளமாகும்போது சறுக்குகிற சிலர் மட்டும் மிச்சம். அவர்களுக்காக ஒரு வாசிப்புப் பத்தி, கேட்டுப் புரிய ஒரு பத்தி என்று வகுப்பாசிரியரே ஒரு பாடவேளையில் எழுத்துத் தேர்வாக நடத்திவிடலாம். மூன்றாம் வகுப்பை அடுத்த பருவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒன்றாம் வகுப்புத் தாளை மட்டும் தயார் செய்து, இரண்டாம் வகுப்பில் நன்றாக வாசிக்கும் ஐந்து பேர், தடுமாறும் ஐந்து பேர் என்று பத்துப் பேரிடம் நடத்திப் பாருங்கள். இரண்டு கூட்டத்தின் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் தாளை மாற்றுங்கள், ஆசிரியர்களை அல்ல.